அவசியம் தெரிஞ்சுக்கணும்

ஒரே வருஷத்தில் என்னை வாத்தியாராகவும், நெசவாளியாகவும், முன்னேறிய விவசாயியாகவும், ஆட்டுப் பண்ணைக்காரனாகவும் ஆக்கிய மனிதர் ஒருவர் இருந்தார். நான் இதில் எதுவுமே இல்லை. உத்திரமேரூரில் ஒரு மைக் செட் கடையில் எனக்கு வேலை. மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவேன், பேட்டரி தூக்குவேன், கூட்டம் சேருகிற வரைக்கும் மைக்கில் எதையாவது உளறி ஜனங்களைச் சிரிக்க வைப்பேன். இந்தக் கடைசி வேலைக்குப் படிப்பு தேவையில்லை என்பதால் அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குள் நான் கால் வைத்ததே அங்கே குழாய் கட்டத்தான்.

அவர் பட்டணத்துக்காரர். அங்கே ஒரு பல்கலைக்கழகம், அதில் செடி, பூச்சி, கிருமி இதையெல்லாம் பார்க்கிற ஓர் ஆராய்ச்சிக் கூடம். உள்ளே இருப்பவர்கள் கண்டுபிடிப்பதை ஊர் ஜனங்களிடம் சொல்ல வேண்டும், ஊர் ஜனங்களின் கஷ்டத்தை உள்ளே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும் என்று ஓர் உத்தியோகம் போட்டிருந்தார்கள். அந்த உத்தியோகம்தான் இவர். எங்கள் பக்கத்தில் 'தொடர்பு சார்' என்போம். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அவர் எங்களில் யார் பெயரையும் கேட்டதில்லை, நாங்களும் அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, தலையில் சீப்பு போன வழி அப்படியே தெரிகிற மாதிரி எண்ணெய். வந்து இறங்கினால் முதல் வேலை கை குலுக்குவது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கை. தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கும்பிடு, அதுவும் மொத்தமாக ஒன்று. உங்கள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். வாய் உங்களோடு பேசும். கண் மட்டும் உங்கள் தோளுக்கு மேலே போய், உங்களைவிடப் பெரிய ஆள் யாராவது வருகிறாரா என்று தேடிக்கொண்டிருக்கும். வந்துவிட்டால் தீர்ந்தது. பேச்சு பாதியில் நிற்க, கை பல்லி வால் மாதிரி உங்கள் கையிலிருந்து கழன்று போகும். போகும்போதே பின்பக்கம் ஒரு கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். இது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. மரத்தின் மேலே குழாய் கட்டிக்கொண்டிருப்பவனுக்குத் தெரியும்.

அவருக்கு இருந்த ஒரே வித்தை, ஒருத்தரை இன்னொருத்தருக்கு அறிமுகம் செய்வது. "இவரைத் தெரியுமில்லையா? அவசியம் தெரிஞ்சுக்கணும்" என்பார். யார், எவர் என்று அவருக்கே தெரியாது; என்னை வாத்தியாராக்கியதும் நெசவாளியாக்கியதும் இப்படித்தான். கைக்கு அகப்பட்ட இரண்டு பேரை ஒருத்தர் மேல் ஒருத்தராகத் தள்ளிவிட்டு நடுவில் நின்று சிரிப்பார். போட்டோக்காரன் அமுக்குவான்.

மானாம்பதியில் ஒரு கூட்டம். அண்ணன் தம்பி இரண்டு பேர், வரப்புத் தகராறில் கோர்ட்டு வரைக்கும் போனவர்கள், ஆளுக்கு ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் அண்ணனை இந்தக் கையிலும் தம்பியை அந்தக் கையிலும் பிடித்து இழுத்து வந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் அவசியம் தெரிஞ்சுக்கணும். ரெண்டு பேருமே முன்னேறிய விவசாயிகள்."

அண்ணன்காரர் சொன்னார்: "தெரியாம இன்னா சார்? என் வரப்ப வெட்னவனே இவன்தான். எங்க அம்மா வயித்துலதான் பொறந்தான், இன்னா பண்றது?"

"பார்த்தீங்களா! எவ்வளவு நெருக்கம்!" என்று இரண்டு கைகளையும் சேர்த்துவிட்டார் தொடர்பு சார். அந்த போட்டோவில் அண்ணன்காரர் தம்பியின் கழுத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைக் கோர்ட்டிலேயே சாட்சியாக வைத்திருக்கலாம்.

இன்னொரு தடவை மாகறலில். குளத்துத் தண்ணீரில் கிருமி இருக்கிறது, கண்ணால் காட்டுகிறோம் என்று பூதக்கண்ணாடிக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பிள்ளை வயிற்றுப்போக்கில் போன தாய்மார்கள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். என்னதான் தின்றது என் பிள்ளையை என்று பார்க்க நின்றார்கள். தொடர்பு சார் விடவில்லை. முதலில் பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டுமாம். அந்தப் பெரியவர், ஊரிலேயே அதிக நிலபுலன் உள்ளவர், சாப்பிட்டு, தூங்கி, எழுந்து வந்தார். குனிந்து கண்ணை வைத்தார்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது, தெரியுது. கருப்பா நீட்டு நீட்டா கீது. மூடி மூடித் தொறக்குது."

அவர் பார்த்தது தன் கண்ணிமை மயிரை. கூட வந்த ஆராய்ச்சிக்காரப் பையன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். தொடர்பு சார் அதற்குள் கை தட்டிவிட்டார். போட்டோ ஆயிற்று. கருவியைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். வரிசை அப்படியே வீட்டுக்குப் போனது. பெட்டியில் வைப்பதற்கு முன்னால் நானும் திருட்டுத்தனமாக ஒரு தடவை பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திறக்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு மூட வேண்டிய கண்ணைத் திறந்திருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பெரியவராவது மயிரைப் பார்த்தார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். எங்கள் ஊரான திருப்புலிவனத்துக் கூட்டத்தைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு அவ்வளவாக வராது.

அது கார்த்திகை மாசம். சம்பாப் பயிர் கதிர் விடப் போகிற சமயம். ஆராய்ச்சிக் கூடத்துக்கே தலைவரான பெரிய டாக்டர் நேரில் வருகிறார் என்று விழா ஏற்பாடு. முதல் நாள் என்னை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார் தொடர்பு சார். அவர் எழுதிக் கொடுத்த நோட்டீஸை எனக்கு வாசிக்க வராது. முதலாளி மூன்று தரம் படித்துக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்தார். "பயிருக்கு வரும் நோய்களைப் பற்றி நிபுணர்கள் நேருக்கு நேர் பதில் சொல்வார்கள். நோய் கண்ட பயிரை வேரோடு கொண்டு வாருங்கள்." இதைத்தான் நான் குழாயில் கத்திக்கொண்டு போனேன். டாக்டர் வருகிறார் என்றதும் ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்து மூன்று பேர் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

நான் சொன்னதைச் சொன்னபடியே செய்தவள் கன்னியம்மா ஒருத்திதான்.

கன்னியம்மா எங்கள் தெரு. நிலம் என்று எதுவும் இல்லாத தெரு. பிறந்ததிலிருந்து அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள், களை பறித்தவள். புருஷனுக்கு ஒரு கால் விளங்காது. அந்த வருஷம்தான் முதல் முறையாக ஊர்த் தலைவரிடம் கெஞ்சிக் கேட்டு அரை ஏக்கரை வாரத்துக்குப் பிடித்திருந்தாள். விளைச்சலில் பாதி தலைவருக்கு. இந்தப் போகம் நன்றாக வந்தால் அடுத்த போகமும் அவளுக்கு. வராவிட்டால் நிலத்தை விட்டுவிட வேண்டும். தலைவர் இதை நாலு பேர் முன்னால் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

நாலு நாளாக அந்தப் பயிரில் இலைக்கு இலை புள்ளி. கண் மாதிரி வடிவம், ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல். ஒரு மூலையில் கருகல் ஆரம்பித்து உள்ளே நடந்து வந்துகொண்டிருந்தது. கன்னியம்மா ஒரு முழுக் குத்தை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, பிள்ளையை எடுத்து வருகிற மாதிரி எடுத்து வந்தாள். எல்லோருக்கும் முன்னால் வந்து தொடர்பு சார் எதிரில் நின்றாள்.

"சார், பயிரு கருகுது சார். டாக்டரு ஐயாகிட்ட காட்டணும்."

அவர் கண் ரோட்டில் இருந்தது. "கடைசியில கேள்வி நேரம் இருக்கும்மா. அப்போ அவசியம்."

டாக்டருக்குக் கொடுக்க காஞ்சிபுரத்திலிருந்து பூச்செண்டு வர வேண்டியது. வரவில்லை. டாக்டர் கார் வந்துவிட்டது. தொடர்பு சார் சுற்றும் முற்றும் பார்த்தார். கன்னியம்மா இடுப்பில் துணிக்கு வெளியே பச்சையாக ஏதோ தெரிந்தது. ஒரே எட்டில் வந்து அதைப் பிடுங்கினார். துணியை உதறினார், வேர் மண்ணைத் தட்டினார், ஊர்த் தலைவருக்கு வாங்கி வைத்திருந்த மாலையிலிருந்து ஜரிகை நாடாவை உருவிக் கட்டினார்.

"அற்புதம்! மண்ணின் மைந்தர்கள் தரும் நெற்கதிர்!"

அதில் கதிரே கிடையாது. கன்னியம்மா பின்னாலேயே ஓடினாள். "சார், அது நோவு வந்த பயிரு சார்!"

"கேள்வி நேரத்துல, அம்மா, கேள்வி நேரத்துல."

ஊர்த் தலைவர் கையில் கொடுத்து, தலைவர் டாக்டர் கையில் கொடுக்க, போட்டோ. டாக்டர் வயதானவர், வேட்டி கட்டியவர், அதிகம் பேசாதவர். சிரித்துக்கொண்டே வாங்கியவர் சிரிப்பை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, ஒரு இலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது எந்த வயல்ல..."

"எல்லா வயலும் இதே மாதிரிதான் சார், ஒரே பசுமை! சார், இவரைத் தெரியுமில்லையா? அவசியம் தெரிஞ்சுக்கணும்" என்று முழங்கையைப் பிடித்து டாக்டரைத் திருப்பினார் தொடர்பு சார். பயிர்க் குத்து அவர் கையிலிருந்து நழுவி, பந்தல் வாசல் வளைவில் அலங்காரமாகச் செருகப்பட்டது.

பிறகு பேச்சு. தொடர்பு சார் பேசினதுதான் அதிகம். விஞ்ஞானத்துக்கும் மக்களுக்கும் நடுவில் தான் ஒரு பாலம் என்றார். கேள்வி நேரமும் வந்தது. நாற்காலிக்காரர்கள் மூன்று பேருக்கு முன்கூட்டியே துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார். விஞ்ஞானத்தால் நாடு எப்படி முன்னேறும் என்று ஒருத்தர் கேட்டார். சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், ஆனாலும் சரியாகத்தான் கேட்டார். கன்னியம்மா தரையிலிருந்து எழுந்து கை தூக்கினாள். தொடர்பு சார் அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "நன்றி, வணக்கம்" என்றார்.

அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"தம்பி, நீதானே கொயாயில கத்துன, புடுங்கினு வான்னு? புடுங்கினு வந்தேன். இப்ப அவரு கார்ல ஏறப் போறாரு. அந்த மைக்ல ஒரு வார்த்த சொல்லு."

"யக்கா, எம் பொயப்பு கீதே..."

"எம் பொயப்பு அந்த வளைவுல தொங்குது, பாரு."

சொன்னேன். அவளுக்காகச் சொன்னேனா, எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று சொன்னேனா, இன்றைக்கும் தெரியாது. "டாக்டர் ஐயா, நீங்க வாங்கனது பூச்செண்டு இல்லீங்க. நோயாளிங்க. பேஷண்ட்ட புடிச்சித் தோரணத்துல தொங்க வுட்டுட்டாங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காலையிலிருந்து நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சிரித்திருந்தார்கள். பந்தலில் தீப்பிடித்துவிட்டது என்று நான் சொல்லியிருந்தாலும் சிரித்துக்கொண்டே எரிந்திருப்பார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தொடர்பு சார்.

"இவரையும் தெரிஞ்சுக்கணும் சார். இந்த ஊர் நாடகக் கலைஞர்."

இப்படி ஐந்தாவது உத்தியோகமும் எனக்குக் கிடைத்தது. டாக்டரும் சிரித்தார். ஆனால் ஒரு தடவை வளைவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் முழங்கையில் கை விழுந்துவிட்டது, காருக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

கன்னியம்மா சிரிக்கவில்லை. வளைவிலிருந்து அந்தக் குத்தைப் பிடுங்கினாள். ஜரிகை நாடாவை அவிழ்த்துப் போட்டாள். ரோட்டுக்குப் போய்க் காருக்கு முன்னால் நின்றாள்.

எங்கள் தெருப் பெண்பிள்ளை, ஊர்த் தலைவர் வீட்டு விருந்தாளியின் காருக்கு முன்னால் நிற்பது என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். நிலம் கொடுத்தவரே தலைவர்தான். அவர் கத்தினார்.

"ஏ கன்னிம்மா! வயி வுடு! இன்னா திமிரு உனுக்கு?"

டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை. தொடர்பு சார் ஓடி வந்தார். கார் ஜன்னலில் குனிந்து, பழக்க தோஷத்தில் கையை அவள் பக்கம் நீட்டினார்.

"சார், இவங்க வந்து... இவங்க..."

அத்தனை நாளில் அந்த மனிதர் வாயில் ஒரு வாக்கியம் முடியாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் பக்கம் திரும்பி, "உன் பேர் என்னம்மா?" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அவருடைய தோளுக்கு மேலே கையை விட்டு, குத்தை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"ஐயா, இத்தப் பாருங்க."

டாக்டர் கதவைத் திறந்து இறங்கினார்.

"எத்தனை நாளா?"

"நாலு நாளாய்யா."

"கதிர் வந்துடுச்சா?"

"இன்னும் வரல. உள்ளதான் கீது."

"அப்போ நேரம் இருக்கு. அமோனியா உரம் எத்தனை தரம் போட்டே?"

"ரெண்டு தபா. நல்லா வரட்டும்னு கடன ஒடன வாங்கிப் போட்டேன்."

"இனிமே போடாதே. இந்த நோய்க்கு அது தீனி." மயில்துத்தத்தைத் தனியாகக் கரை, சுண்ணாம்பைத் தனியாகக் கரை, பிறகு சேர், இரும்புப் பாத்திரத்தில் கரைக்காதே, மண் சட்டியில் கரை, நாளைக்கே தெளி என்று சொல்லி, எவ்வளவுக்கு எவ்வளவு என்று அவள் வாயால் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். "தெளிக்கிற பம்பு இருக்கா?"

"தலைவர் வூட்ல கீதுய்யா. போன வருசம் இந்த சாரு போட்டோ புடிச்சிக் குடுத்தது. துணி போட்டு மூடி வச்சிக்கிறாங்க."

டாக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் பல்லைக் காட்டினார். "எடுத்துனு போவட்டும் சார், அதுக்கு இன்னா."

எல்லாம் ஒரு பீடி பிடிக்கிற நேரத்துக்குள் முடிந்தது. தொடர்பு சார் அப்போதுதான் சுதாரித்துக்கொண்டு, "சார், அந்தப் பயிரை இன்னொரு தடவை அந்த அம்மா கையிலிருந்து வாங்கற மாதிரி..." என்று ஆரம்பித்தார். போட்டோக்காரன் ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்றான். நாற்காலிக்காரர்களை எடுத்தே தீர்த்துவிட்டானாம்.

மூலையில் ஒரு துண்டு கருகிப் போனது. மீதி கதிர் விட்டது. அடுத்த போகமும் கன்னியம்மா கையில்தான் இருந்தது. அடுத்த கூட்டத்தில் தொடர்பு சார் மைக்கைப் பிடித்து, திருப்புலிவனத்தில் ஒரு ஏழைப் பெண்ணைத் தானே டாக்டருக்கு அறிமுகம் செய்துவைத்ததாகவும், அந்த அறிமுகத்தால் பல ஏக்கர் பிழைத்ததாகவும் பேசினார். மைக் நன்றாக வேலை செய்தது. நான்தான் கட்டியிருந்தேன்.

மறு வருஷம் திருப்புலிவனத்தில் அதே இடத்தில் மறுபடி விழா. காலையிலேயே என்னைக் கூப்பிட்டார்.

"போன தடவை மாதிரி ஆகக் கூடாது. தொடர்புக்கும் ஒரு ஒழுங்கு வேணும். பந்தல்லேருந்து கார் வரைக்கும் ரெண்டு பக்கமும் கயிறு கட்டிடு. ஜனங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம்."

அவர் ஒரு முனையைப் பிடித்துத் தானே முடிச்சுப் போட்டுப் பார்த்தார். கையை எடுத்ததும் அவிழ்ந்து விழுந்தது. கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு முனையை என்னிடம் கொடுத்தார்.

அந்தத் தடவை கன்னியம்மா தனியாக வரவில்லை. எங்கள் தெருவே வந்தது. ஒருத்தி கையில் வாடின கத்திரிச் செடி, ஒருத்தி கையில் வேர்க்கடலைக் கொடி, ஒரு கிழவர் கழுத்து தொங்குகிற கோழியோடு வந்திருந்தார். டாக்டர் கயிற்றுக்கு அந்தப் பக்கம், நான்கு முழம் தள்ளி நடந்து போனார். இரண்டு பக்கமும் ஆட்கள், முழங்கையில் கை. இவர்கள் கூப்பிட்ட கூப்பாடு என் குழாயில் ஓடிக்கொண்டிருந்த பாட்டில் முங்கிப் போனது.

கன்னியம்மா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பிறகு கயிறு கட்டின முளையண்டை வந்து முடிச்சை நகத்தால் நெம்பினாள். அசையவில்லை.

"யாரு கட்னது?"

"நான்தான் யக்கா."

முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். "நல்லாத்தான் கட்டிக்கீற, தம்பி."

கார் போய்விட்டது. தொடர்பு சாரை நான் எவ்வளவோ இளக்காரமாகப் பேசுகிறேன். பேசலாம், தப்பில்லை. அந்த மனிதருக்கு ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாது. எனக்குத் தெரியும்.